மீன் மேல் போட்ட பழி

அடுப்புக்கு மேலே, விறகுப் புகை படுகிற இடத்தில், ஒரு குவாபினா மீன் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் கம்பி கோத்து, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். யுர்லேனி காலையில் எழுந்து சமையலறையில் கால் வைத்ததும் அந்தக் கண்தான் அவளை முதலில் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் படிக்கு ஓடி, ஆற்றைப் பார்த்துக் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"ஏழு மாசம் முடிஞ்சும் வாந்தியா? மெதெயின்ல அப்படி என்னத்தடி தின்னே?" என்றாள் அவள் அம்மா உபெர்தினா, வாழைக்காய் நறுக்கிக்கொண்டே.

"நான் எதுவும் தின்னதால இல்ல. நீ தொங்கவிட்டிருக்கியே, அதைப் பாத்துத்தான்."

"அது உனக்கில்ல. உம்புள்ளைக்கு."

யுர்லேனி வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு அருவருக்காத பொருள் ஒன்றுகூட இல்லை. தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீட்டின் மரப்பலகைத் தரை இடுக்குகளில் மீன் செதில். தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் பச்சைப் பாசி. ஓயாத மழையில் காயாமல் பூசணம் பிடித்த படுக்கை விரிப்பு. அவள் சிறுமியாக இருந்தபோது படுத்த அதே கட்டிலில், அதே பள்ளத்தில், இப்போது வயிற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு படுக்கவேண்டியிருந்தது. மெதெயின் நகரத்தில் அவள் புருஷன் ஹாரின்சன் வேலை பார்த்த மோட்டார் சாமான் கடையை மூடிவிட்டார்கள். வாடகை அறையைக் காலி செய்தார்கள். "நீ உங்கம்மா வீட்டுக்குப் போ, நான் சிநேகிதன்கூட தங்கி வேலை தேடறேன், புள்ள பிறக்கறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்று அவளை பஸ் ஏற்றிவிட்டான். நல்லவன்தான். கையசைத்தான். பஸ் திரும்பும்வரைகூட நிற்கவில்லை என்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மீனுக்கு வருவோம். அத்ராதோ ஆற்றங்கரையில் பிள்ளை பிறந்து கொடி உதிர்ந்ததும், தொப்புள் புண்ணில் எதையாவது பொடித்து வைப்பார்கள். தங்கத் தூள் வைத்தால் கை வைத்த இடமெல்லாம் துலங்கும். கொங்கா எறும்பு வைத்தால் மாடாய் உழைப்பான். குவாபினா வைத்தால் யார் பிடிக்கும் சிக்கமாட்டான். அந்த மீன் அப்படி, கையில் எடுத்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். தாயும் பாட்டியும் கலந்து பேசி முடிவெடுக்கிற காரியம் இது. ஆனால் இந்த வீட்டில் முடிவெடுத்தது பிளாசிதோ. யுர்லேனியின் அப்பா.

அவர் தொப்புளில் குவாபினா இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அவரை அறிமுகம் செய்வதே அப்படித்தான்.

அன்று மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். யுர்லேனிக்கு எதிரே. இவள் தட்டை நகர்த்திக்கொண்டாள். அவர் பொரித்த மீனின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, செவுளோரம் வாய் வைத்து, சளக் சளக்கென்று உறிஞ்சினார். உறிஞ்சியதன் மிச்சத்தைத் துப்பினார். தட்டில் இல்லை, தட்டின் ஓரத்தில். பிறகு சுண்டுவிரல் நகத்தால் பல்லிடுக்கைக் கிளறி, வந்ததை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டார். யுர்லேனி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியும் பயனில்லை, சத்தம் கேட்டது.

"என் பேரனை எவனாலயும் பிடிக்க முடியாது பாரு," என்றார் பிளாசிதோ. "போலீஸ் பிடிக்க முடியாது, ராணுவம் பிடிக்க முடியாது, பொம்பளைங்களும் பிடிக்க முடியாது. தாத்தா மாதிரியே வழுக்கிட்டுப் போவான்."

"என் புள்ளைக்கு மீன் வைக்க மாட்டேன்ப்பா."

"அப்புறம்? எறும்பா? எறும்பு வெச்சா சுரங்கத்துல மண்ணு சுமந்தே சாவான். எறும்பு வெச்சவனெல்லாம் கழுதை."

"கழுதையாவாவது இருக்கட்டும். வீட்டுக்கு வந்து சேரும்."

அவர் சிரித்தார். கோபப்படவே மாட்டார், அதுதான் அவரிடம் எரிச்சல். திட்டினால் சிரிப்பார், அழுதால் தலையைத் தடவுவார், ஏதாவது ஒரு வேலை சொன்னால் "இதோ" என்பார். "இதோ" என்று சொன்ன பிறகு அவரைக் கண்டவர்கள் கிடையாது.

யுர்லேனிக்கு எட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப்போட்டது. சுகாதார நிலையத்துக்கு ஆற்றில் மேலே போகவேண்டும். படகு இருந்தது, மோட்டார் இருந்தது, பெட்ரோல் இல்லை. "இதோ வாங்கிட்டு வர்றேன்" என்று கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார் பிளாசிதோ. பக்கத்து ஊரில் புனிதர் திருவிழா நடந்துகொண்டிருந்தது. உபெர்தினா மகளைத் துடுப்புப் படகில் போட்டு, மழையில் தானே துடுப்பு வலித்துக்கொண்டு போனாள். திருவிழா முடிந்து, மேளம் அடங்கி, ஊரெல்லாம் குப்பை பெருக்கிய பிறகு வந்தார் அப்பா. கேன் காலி. சட்டைப் பையில் மகளுக்கு இரண்டு தேங்காய் மிட்டாய். அவை வியர்வையில் நனைந்து, புகையிலைத் தூள் ஒட்டி, காகிதத்தோடு காகிதமாய் இளகியிருந்தன. "சாப்பிடு கண்ணு" என்று வாயில் திணித்தார். அந்த ருசி இன்றைக்கும் யுர்லேனியின் நாக்கில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்: "குவாபினாகிட்ட போய் பெட்ரோல் கேட்டிருக்கியே உபெர்தினா!" அம்மாவும் சிரித்தாள். துடுப்பு வலித்துக் கொப்புளித்த கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா செய்ததைவிட அம்மாவின் அந்தச் சிரிப்புதான் யுர்லேனிக்கு ஆறவே இல்லை.

அதனால் அவள் வயிற்றில் கை வைத்து ஒன்றை முடிவு செய்திருந்தாள். இந்த மீன் இந்தப் பிள்ளைக்குள் போகக்கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள்.

நாள் நெருங்க நெருங்க மீன் கறுத்துச் சுருங்கியது. வீட்டில் எதைத் தொட்டாலும் அதன் நெடி. காப்பியில், தலையணையில், தலைமுடியில். ஹாரின்சனோடு போனில் பேசும்போதுகூட அந்த நெடி போனிலிருந்து வருவது போலிருந்தது.

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நாறுது. எல்லாம் நாறுது. நீ எப்ப வர்றே?"

"இந்த வாரம் ஒரு இடத்துல வரச் சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சதும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"அது வேற இடம். நான் வராம எங்க போவேன்? இதோ வந்துடுவேன்."

இதோ. யுர்லேனி போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் பாவாடையில் துடைத்தாள்.

நேரே சமையலறைக்குப் போனாள். முக்காலியை இழுத்துப்போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, கம்பியோடு மீனைப் பிடுங்கினாள். பிசுபிசுவென்று கையில் எண்ணெய் வடிந்தது. பின்வாசலுக்கு நடந்தாள். உபெர்தினா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குடு இங்க."

"நகரும்மா. ஆத்துல வீசப்போறேன்."

"வீசினா வேற மீன் பிடிப்பேன். ஆத்துல மீனுக்கா பஞ்சம்? விழுந்து தொலைக்காத, முதல்ல உக்காரு."

"உனக்கு வெக்கமாவே இல்லையாம்மா? இந்த மீனால நீ பட்டது போதாதா? உன் பேரனையும் அதே மாதிரி ஆக்கணுமா?"

உபெர்தினா மீனைக் கையிலிருந்து வாங்கினாள். அடுப்போரம் உட்கார்ந்தாள். மீனை மடியில் வைத்து அதன் வயிற்றுக் கிழிசலை விரலால் ஒட்டினாள், துணி கிழிந்ததைப் பார்ப்பதுபோல.

"இந்த மீனால நான் எதுவும் படல," என்றாள். "உங்கப்பன் தொப்புள்ல மீனே கிடையாது."

"என்ன சொல்றே?"

"எறும்பு. கொங்கா எறும்பு. அவன் அம்மாவே எங்கிட்ட சொன்னா, கல்யாணமான புதுசுல. 'என் புள்ளைக்கு எறும்பு வெச்சிருக்கேன், உன்னை உக்கார வெச்சு சோறு போடுவான்'னு சொன்னா. நானும் நம்பிட்டு உக்காந்திருந்தேன்."

யுர்லேனிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்போ குவாபினா கதையை யாரு கட்டினது?"

"நான்தான்."

அடுப்பில் விறகு வெடித்தது. உபெர்தினா அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள், உப்பு போட்டாயா என்று கேட்கிற குரலில். "நீ வயித்துல இருக்கும்போது முதல் தடவை போனான். ஒரு மாசம் ஆளைக் காணோம். கிணத்தடிக்குப் போனா கேக்குறாளுங்க, கோயிலுக்குப் போனா கேக்குறாளுங்க, 'எங்கடி உன் புருஷன்?' பாவம்னு பாக்குறாளுங்க. அந்தப் பார்வையைத் தாங்க முடியல. ஒருநாள் சும்மா சொல்லிவெச்சேன், 'அவனுக்கு குவாபினா தொப்புளு, பிடிச்சா நிக்குமா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாளுங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்டி."

"அப்பாவுக்கு? அவருக்குத் தெரியாதா, தனக்கு என்ன வெச்சாங்கன்னு?"

"தெரியாம என்ன. வந்து கேட்டான், 'மீன்னு சொன்னியாமே'ன்னு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. பட்டம் குடுத்த மாதிரி வாங்கிக்கிட்டான். அவன் அம்மாவும் வாயைத் தொறக்கல. புள்ளை ஓடுகாலிங்கிறதைவிட மீனுங்கிறது கௌரவம்ல?"

யுர்லேனிக்கு இப்போது குமட்டியது மீன் நெடியால் அல்ல. முப்பது வருஷமாக இந்த வீட்டில் பரிமாறிய ஒவ்வொரு தட்டிலும், சிரித்த ஒவ்வொரு சிரிப்பிலும் இந்தப் பொய் எண்ணெயாகத் தடவியிருந்தது. அம்மாவின் மீதே அருவருப்பாக இருந்தது. அம்மாவின் மீது அருவருப்பு வந்ததே என்று தன் மீதும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் எம்புள்ளைக்கு ஏன் மீனைக் காயவைக்கிறே?"

"புள்ளைக்கா? உனக்குத்தான்டி காயவைக்கிறேன்." உபெர்தினா நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு அவன் வளந்து எவளையாவது விட்டுட்டுப் போவான். இல்ல உன்னை விட்டுட்டுப் போவான். ஆம்பளைதானே. அப்போ சொல்றதுக்கு உனக்கு ஒண்ணு வேணும்ல? நான் கதை கட்ட வேண்டியிருந்துச்சு. உனக்கு நிஜ மீனே இருக்கட்டும்னு பாத்தேன்." பிறகு கேட்டாள். "உன் ஹாரின்சனுக்கு என்ன வெச்சாங்க?"

"அவங்க பக்கம் அந்த வழக்கமில்ல. ஒண்ணும் வைக்கல."

"ஐயோ பாவம்," என்றாள் உபெர்தினா. மனதார இரங்கித்தான் சொன்னாள்.

யுர்லேனி எழுந்துபோய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினாள். போகவில்லை.

வலி எடுத்தபோது பிளாசிதோ மோட்டாருக்கு பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் படகில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆண் குழந்தை. கறுத்துச் சிவந்து, ஆத்திரக்காரன் மாதிரி முஷ்டியை மூடிக்கொண்டு பிறந்தான். பக்கத்துப் படுக்கையில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே விசாரித்தாள்: "உன் வீட்டுக்காரர் எங்க, காணோமே?"

"மெதெயின்ல," என்றாள் யுர்லேனி. "கிளம்பிட்டாரு. வழியில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருக்கு."

"இந்த மழைக்கு எப்பப் பாரு சரியுது," என்று அந்தப் பெண் தலையாட்டினாள்.

ரோடு அடைக்கவில்லை. காலையில்கூட மெதெயின் பஸ் வந்து போனது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் இறக்கியது. யுர்லேனி தலையைத் திருப்பினாள். கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த உபெர்தினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிட்டு, அவள் கன்னத்தை ஒருமுறை தட்டினாள். நல்ல காரியம் செய்த மகளைத் தட்டுவதுபோலத்தான் தட்டினாள். அந்த இடம் யுர்லேனிக்கு வீடு வந்து சேரும்வரை கூசியது.

கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உதிர்ந்தது. அன்றைக்குப் பார்த்து பிளாசிதோ வீட்டில் இருந்தார். விருந்து என்றால் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, கரும்புச் சாராயம் ஒரு மடக்கு அடித்து, அதே வாயால் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுக்கக் குனிந்தார். யுர்லேனி குழந்தையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். முத்தம் காற்றில் போனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். உபெர்தினா மீனை வறுத்து இடித்து, காப்பிச் சாஸரில் கறுப்புப் பொடியாகக் கொண்டுவந்தாள்.

"வை, வை," என்றார் பிளாசிதோ. "தாத்தாகிட்ட இருந்து பேரனுக்கு."

"அப்பா," என்றாள் யுர்லேனி. "உங்க தொப்புள்ல என்ன வெச்சாங்க?"

"இதென்னடி கேள்வி? ஆத்துல இருக்கிற மீனைக் கேளு, அதுகூட சொல்லும்."

"எறும்புன்னு அம்மா சொன்னா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிளாசிதோ மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றிய வாய் இப்போதும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையோடுதான் பார்த்தார். உபெர்தினா சாஸரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள பெத்தவ தலையில காத்து ஏறியிருக்கு," என்று சிரித்தார் அவர். "தலையில துணி கட்டிவிடு உபெர்தினா. மழை வருது, மோட்டாரை மூடாம வந்துட்டேன். இதோ பாத்துட்டு வந்துடறேன்."

எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். படி இறங்கினார்.

"பாரு, பாரு, குவாபினா வழுக்கிடுச்சு!" என்று பக்கத்து வீட்டுக்காரி பழக்கதோஷத்தில் கைதட்டிச் சிரித்தாள்.

உபெர்தினா சிரிக்கவில்லை. சாஸரைத் தரைப்பலகை இடுக்கில் கவிழ்த்தாள். கீழே சேற்றில் கோழிகள் ஓடி வந்து கொத்தும் சத்தம் கேட்டது.

"எந்த மீனும் போகல," என்றாள். "பிளாசிதோ போறான்."

சொல்லி முடித்துவிட்டு, வலித்த கையைப் பார்ப்பதுபோல் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். யுர்லேனி கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் குழந்தையின் தொப்புளைத் துடைத்தாள். ஈரம் போக ஒற்றி எடுத்தாள். அதற்குமேல் ஒன்றும் வைக்கவில்லை.

"ஒண்ணுமே வைக்காமலா விடப்போறே?" பக்கத்து வீட்டுக்காரி பதறினாள். "நாளைக்கு இவன் எப்படி ஆவான்னு எதை வெச்சு சொல்றது?"

"ஓடினா இவனே ஓடினான்னு சொல்லுவேன். நின்னா இவனே நின்னான்னு."

அந்தப் பெண்ணுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன மண்சரிவுக் கதை ஊருக்கும் வந்துவிட்டிருந்தது; பேச்சை மாற்றலாம் என்று நல்லெண்ணத்தோடு கேட்டாள்: "அது கிடக்கட்டும், உன் வீட்டுக்காரர் எப்ப வர்றாராம்? மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்துட்டாங்களா?"

யுர்லேனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காலிச் சாஸரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மண்ணு சரியவே இல்லக்கா," என்றாள். "ரோடு திறந்துதான் இருக்கு. அவன்தான் வரல."